முன்பகுதியில் வணிக வளாகம்: தனிப் பட்டா இருந்தும் மனை உட்பிரிவு அனுமதி ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி: தோட்டத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கோவைப் பக்கத்தில், மாநகராட்சி எல்லை விரிந்தபோது உள்ளே வந்த ஊர் ஒன்றில், மாநில நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு 2 ஏக்கர் 60 சென்ட் பூமி இருக்கிறது. அப்பா இருந்தவரை தென்னையும் சோளத்தட்டும் இருந்தன. கிணறு வற்றிய பிறகு பத்து ஆண்டுகளாக வெறும் தரிசாகக் கிடக்கிறது. அப்பாவுக்குப் பின் அண்ணன், நான், தங்கை ஆகிய மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா மாறியது. சென்ற ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, சாலையை ஒட்டிய 1 ஏக்கர் 40 சென்ட்டை நானும், அதற்குப் பின்னால் தலா 60 சென்ட்டை அண்ணனும் தங்கையும் எடுத்துக்கொண்டோம். முன்பகுதியில் வரும் வாடகையில் மூவருக்கும் பங்கு என்று தனியாக எழுதிக்கொண்டிருப்பதால் அளவில் உள்ள வேறுபாட்டைப் பற்றி எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

முன்பகுதியில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு வணிக வளாகம் கட்ட விரும்புகிறோம். கீழே ஒரு பெரிய மளிகை அங்காடியும் இருபது சிறு கடைகளும், மேலே மருத்துவ ஆய்வகம், வங்கிக் கிளை போன்றவையும் வரலாம் என்பது எண்ணம். கடைகளை விற்கப் போவதில்லை. வாடகைக்கு மட்டுமே விடுவோம். நில அளவையர் வந்து அளந்து, புல எண் மூன்று உட்பிரிவுகளாகி, மூவருக்கும் தனித்தனிப் பட்டாவும் வந்துவிட்டது. அந்தத் துணிவில் என் பகுதிக்கு மட்டும் கட்டட வரைபடம் போட்டு விண்ணப்பித்தோம். "இம்மனை ஒரு பெரிய நிலப்பரப்பின் பகுதி, உட்பிரிவுக்கு அனுமதி பெறப்படவில்லை, மொத்த நிலத்துக்கும் உட்பிரிவு வரைபடம் தாக்கல் செய்க" என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்தது.

என் ஐயங்கள் இவை. வருவாய்த்துறையே உட்பிரிவு செய்து பட்டா கொடுத்த பிறகு மாநகராட்சி கேட்கும் உட்பிரிவு எது? பொதுவுக்கு விட வேண்டிய பத்து விழுக்காடு நிலம் என் 1 ஏக்கர் 40 சென்ட்டுக்குக் கணக்கிடப்படுமா, மொத்தப் பூமிக்கும் கணக்கிடப்படுமா? என் பகுதியை இன்னும் இரண்டாகப் பிரித்து ஒன்றை மனைவி பெயருக்கு எழுதி வைத்தால் ஒவ்வொரு துண்டும் 3,000 சதுர மீட்டருக்குக் கீழே வந்துவிடும், அப்போது எதுவுமே விட வேண்டியதில்லை என்று பத்திரம் எழுதுபவர் ஒருவர் சொல்கிறார், இது சரியா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு எல்லையில் ஓர் இட்டேரி போகிறது. இருபுறமும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்த வேலி. என் சிறுவயதில் மாட்டுவண்டி போய்வந்த தடம் இப்போது புதர் மண்டி, நடந்து போகும் அகலமே மிஞ்சியிருக்கிறது. தெற்கில், பின்பகுதியின் ஓரமாக ஒரு பள்ளம் உண்டு. ஐப்பசி மழையில் மட்டும் தண்ணீர் வரும். இவை இரண்டும் இந்த அனுமதியில் எப்படிப் பார்க்கப்படும் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற நில அளவையர்

ஐயா, நீங்கள் முதலில் கேட்டதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் நான் செய்த வேலை அது. ஒரே சொல்லை இரண்டு துறைகள் இரண்டு பொருளில் புழங்குவதால் வரும் குழப்பம் இது. வருவாய்த்துறையில் உட்பிரிவு என்பது கணக்குக்கானது. ஒரு புல எண்ணில் யாருக்கு எவ்வளவு பாத்தியம், அந்தப் பாத்தியத்தின் எல்லை தரையில் எங்கே இருக்கிறது, கிஸ்தி, அதாவது நில வரி, யார் கட்ட வேண்டும் என்பதைப் புலப்படத்திலும் 'அ' பதிவேட்டிலும் ஏற்றி வைப்பதோடு அந்த வேலை முடிகிறது. அந்தத் துண்டுக்குப் போக்குவரத்துக்கு வழி இருக்கிறதா, அதில் கடை வரலாமா, மழைநீர் எங்கே வடியும் என்று நில அளவையர் கேட்பதில்லை. கேட்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. பத்திரத்தில் உள்ளபடி அளந்து கல் நாட்டிவிட்டு வந்துவிடுவார்.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி கேட்கப்படும் மனை உட்பிரிவு வேறு. ஒரு நிலத்தைப் பல மனைகளாக்கும்போது ஒவ்வொரு மனைக்கும் முறையான சாலை உண்டா, அந்த மனையை அந்தப் பயன்பாட்டுக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துக் கொடுக்கப்படும் அனுமதி அது. உங்கள் மூன்று பட்டாக்களும் செல்லும். அவற்றை யாரும் ரத்து செய்யப்போவதில்லை. ஆனால் அவை உரிமைக்குத்தான் சான்று, அனுமதிக்கு ஆகா. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானதும் அப்படியே.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. உங்கள் 2 ஏக்கர் 60 சென்ட் என்பது 10,522 சதுர மீட்டர். பொதுவுக்கு விட வேண்டிய நிலம் என்று நீங்கள் கேட்ட திறந்தவெளி ஒதுக்கீட்டில் 10,000 சதுர மீட்டர் ஒரு பெரிய கோடு. அதைப் பற்றி வரைபடக்காரர்கள் யாராவது விளக்குவார்கள். நான் கேட்பது, அந்த 2.60 என்ற அளவு தரையில் இன்னும் இருக்கிறதா என்பதே. நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்களில் நான் திரும்பத் திரும்பக் கண்ட குறை ஒன்று உண்டு: சாலை அகலப்படுத்த எப்போதோ நிலம் எடுத்திருப்பார்கள், இழப்பீட்டையும் அந்தக் காலத்திலேயே வாங்கியிருப்பார்கள், ஆனால் எடுத்த பரப்பைப் பட்டாவில் கழிக்காமல் விட்டிருப்பார்கள். பிள்ளைகள் பழைய அளவை வைத்தே பாகம் பிரித்துக்கொள்வார்கள். வீட்டில் பழைய காகிதக் கட்டைப் பிரித்து, நில எடுப்புத் தீர்வத்தின் (எடுத்த பரப்பையும் இழப்பீட்டையும் முடிவு செய்த உத்தரவின்) நகல் இருக்கிறதா என்று பாருங்கள். சாலையோரத்து எல்லைக் கல் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். வேலியின் அடியில் புதைந்திருக்கும்.

இட்டேரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய புலப்படத்தில் அது வண்டிப்பாதை என்று தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அது புறம்போக்கு. உங்களுடையதும் அன்று, பக்கத்துத் தோட்டத்துக்காரருடையதும் அன்று. புலப்படத்தில் தனிக் கோடு இல்லாமல் இருவர் பட்டா நிலத்திலும் பாதி பாதியாகப் போகிறது என்றால் நிலைமை வேறு. சங்கிலி அளவில் வரைந்த படமாக இருந்தால் அகலம் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 20 லிங்க்ஸ் என்றால் ஏறக்குறைய 4 மீட்டர் என்று கொள்ளலாம். பள்ளமும் ஓடைப் புறம்போக்காகவே இருக்கும். அதன் கரை உங்கள் எல்லைக்குள் நகர்ந்து வந்திருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள்.

பதில் 2: மனைப்பிரிவு வரைபடப் பொறியாளர்

அளவையர் ஐயா உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மற்றவற்றை நான் விளக்குகிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசாணையாக வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். ஒரு நிலத்தை எட்டு மனைகள் வரை பிரித்தால் உட்பிரிவு, எட்டைத் தாண்டினால் மனைப்பிரிவு என்று கொள்ளப்படும். நீங்கள் மூவரும் மூன்று மனைகளாகவே வைத்துக்கொள்வதானால் இது உட்பிரிவுதான். பின்னால் அண்ணன் தம் 60 சென்ட்டை ஏழு வீட்டு மனைகளாக்கி விற்க நினைத்தால் மொத்தம் ஒன்பது ஆகிவிடும். ஆகவே அவருடைய எண்ணத்தை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி திறந்தவெளி ஒதுக்கீடு. நாங்கள் பேச்சில் ஓ.எஸ்.ஆர். என்போம். மனையின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டிருந்தால் எதுவும் விட வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 வரை என்றால், சாலைக்கு விட்டது போக எஞ்சிய பரப்பில் பத்து விழுக்காட்டைப் பொதுவுக்கு விட வேண்டும். நிலத்தின் அமைப்பால் இடம் விட இயலாத நிலையில் அதற்கு ஈடாக, வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்ட வழி உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் பணம் ஏற்கப்படாது. இடமாகத்தான் விட வேண்டும். விடும் இடம் 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறுகக் கூடாது. தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

உங்கள் கணக்கை எடுத்துக்கொள்வோம். நீங்கள் விண்ணப்பித்த முன்பகுதி 5,666 சதுர மீட்டர். பின்னால் உள்ள இரண்டும் தலா 2,428. தனித்தனியாகப் பார்த்தால் முன்பகுதிக்குப் பணம் கட்டிக்கூட முடித்துவிடலாம், பின்பகுதி இரண்டுக்கும் ஒன்றும் இல்லை. ஒன்றாகப் பார்த்தால் 10,522, பணத்துக்கு இடமில்லை. பின்பகுதிக்குப் போக 12 மீட்டர் அகலத்தில் 80 மீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை விட்டால் 960 சதுர மீட்டர் போகும். எஞ்சிய 9,562-இல் பத்து விழுக்காடு 956 சதுர மீட்டர், அதாவது 23.6 சென்ட். உங்கள் விண்ணப்பம் ஏன் திரும்பியது என்பது இப்போது விளங்கும். நேற்று வரை ஒரே நிலமாக இருந்ததை இன்று மூன்று விண்ணப்பங்களாகக் கொண்டுவந்தால், அந்த 23.6 சென்ட் ஊருக்கு இல்லாமலே போய்விடும். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 5.8.1975 அன்று விண்ணப்பிக்கும் மனை எந்த அளவில் இருந்தது என்று காட்டப் பழைய பத்திரம் கேட்பார்கள். துண்டு போட்டுத் தப்பிப்பதைத் தடுக்கவே அந்தத் தேதி.

பத்திரம் எழுதுபவர் சொன்ன வழியை விட்டுவிடுங்கள். மனைவி பெயருக்கு ஒரு துண்டை எழுதுவதால் நிலம் சிறியதாகிவிடாது; விண்ணப்பத்தோடு வைக்கும் வில்லங்கச் சான்றில் சென்ற ஆண்டின் பிரிவினையும் இந்த ஆண்டின் எழுத்தும் அடுத்தடுத்து நிற்கும். இன்னொரு இடரும் உண்டு. இரண்டு துண்டுகளிலும் சேர்த்து ஒரே வளாகம் கட்ட வேண்டுமானால் மறுபடியும் இரண்டையும் ஒன்றாக இணைத்தே காட்ட வேண்டும். தனித்தனியாகக் கட்டினால் நடுவில் இருபுறமும் பக்கவெளி விட வேண்டும். வண்டி நிறுத்தும் இடமும் இரண்டாக உடையும். மிச்சம் பிடிக்கப் போய் கட்டும் பரப்பை இழப்பீர்கள். திறந்தவெளி விதி செல்லாது என்று வாதாடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சென்னைக் குடியிருப்பு ஒன்றின் உரிமையாளர் சங்கம் தொடர்பான வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

அனுமதியின்றிப் பிரித்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்ட பிறகு, 2017-இல் வந்த திட்டம் அது, 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்கானது. உங்கள் பாகப்பிரிவினை சென்ற ஆண்டுதான் நடந்தது.

ஆகவே செய்ய வேண்டியது, மூவரும் சேர்ந்து மொத்தப் பூமிக்கும் ஒரே உட்பிரிவு வரைபடமாக விண்ணப்பிப்பது. அதற்கும் முன்னால், முழுமைத் திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் நகர்த் திட்டத்தில்) உங்கள் புல எண் எந்த நிலப் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். வணிகம் என்றோ கலப்புக் குடியிருப்பு என்றோ இருந்தால் நல்லது. வேளாண்மை என்று இருந்தால், பத்து ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்தாலும் அது வேளாண்மைதான். பயன்பாட்டு மாற்றம் பெறாமல் வேறு எதுவும் நகராது, அதற்கான காலத்தையும் கட்டணத்தையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது சரியானால் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தொழில்நுட்ப ஒப்புதல் ஆகும். அதில் சாலையும் திறந்தவெளியும் எங்கே என்று வரைபடத்தில் குறிக்கப்படும். அவற்றை நீங்கள் தானப் பத்திரத்தின் மூலம் ஒப்படைத்து, கட்டணங்களைச் செலுத்திய பிறகே மாநகராட்சி இறுதி உத்தரவு கொடுக்கும். பலர் தொழில்நுட்ப ஒப்புதல் கடிதம் வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று கடைகளுக்கு முன்பணம் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் பாதி வழிதான்.

கட்டடத்துக்கான திட்ட அனுமதி அதற்குப் பிறகு. 18.30 மீட்டருக்கு உட்பட்ட உயரம் என்பதால் உயரமில்லாக் கட்டடமாகவே பார்க்கப்படும். தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு என்பது) 2 என்ற அளவில், முழு 1 ஏக்கர் 40 சென்ட்டுக்கும் கணக்கிட்டாலும் 11,332 சதுர மீட்டருக்கு மேல் வராது. 20,000 சதுர மீட்டர் கட்டுமானத்துக்கு மேல் தேவைப்படும் சுற்றுச்சூழல் இசைவு உங்களுக்கு வேண்டியதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து வண்டி உள்ளே திரும்ப நெடுஞ்சாலைத்துறையின் இசைவும், பள்ளத்துக்காக நீர்வளத்துறையின் கருத்தும், தீயணைப்புத்துறையின் சான்றும் வேண்டியிருக்கும். வாடகைக்கு மட்டும் விடுவதால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைப் பதிவைப் பற்றி வளாகத்தின் அளவில் கவலைப்பட வேண்டாம். அண்ணன் மனைகளாக விற்பதானால் அவர் அதைக் கவனிக்க வேண்டும்.

பதில் 3: வளாகத்தில் கடை வைத்திருப்பவன்

நான் சட்டம் படித்தவன் அல்லன். வேறு ஒரு மாவட்டத்தில், இதே போன்ற ஒரு வளாகத்தில் பத்து ஆண்டுகளாகப் பால் பொருள் கடை நடத்துகிறேன். எங்கள் வளாகமும் இரண்டு சகோதரர்களின் நிலத்தில் வந்ததுதான். வரைபடத்தில் கிழக்கு ஓரமாகப் பின்பகுதிக்கு ஒரு சாலை காட்டப்பட்டிருந்தது. கடையை வாடகைக்கு எடுத்தபோது அந்த வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். சரக்கு வண்டிகள் அந்த வழியாகத்தான் வந்து பின்பக்கம் இறக்கும் என்றார்கள். அதை நம்பித்தான் பெரிய குளிர்பெட்டிகளைப் பின்சுவரை ஒட்டி வைத்தேன்.

மூன்றாம் ஆண்டில் சகோதரர்களுக்குள் பிணக்கு வந்தது. ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பால் வண்டி வந்தபோது, சாலையின் வாயில் இரண்டு கற்கால்கள் நட்டு, குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. ஓட்டுநர் இறங்கி நின்று, வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிறகுதான் தெரிந்தது, அந்தச் சாலைக்குத் தானப் பத்திரம் எழுதப்படவே இல்லை என்று. காகிதத்தில் அது சாலை. சட்டத்தில் அது ஒருவருடைய சொந்த நிலம். அன்று முதல் ஆறு மாதம், முன்வாசலில் போக்குவரத்துக்கு நடுவே வண்டியை நிறுத்தி, தூக்குக் கூடைகளில் பால் உறைகளைக் கடைக்குள்ளாகவே பின்பக்கம் வரை சுமந்தோம். வாடிக்கையாளர் நின்றார்கள், பார்த்தார்கள், சிலர் வராமலே போனார்கள்.

திறந்தவெளி என்று விடப்பட்ட இடமும் எங்கள் வளாகத்தில் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில், மூலையில் கிடக்கிறது. ஊருக்கு உரிய இடம் அது என்று கடைக்கு வரும் ஒருவருக்கும் தெரியாது. தகரக் கூரை போட்டு இருசக்கர வண்டிகளை நிறுத்துகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட இடமில்லாமல் அதே வளாகத்தின் சரிவுப் பாதையில் பந்து உருட்டுகிறார்கள். சரக்கு வண்டி திரும்பும் இடம் அது.

தோட்டத்துக்காரரே, உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சாலையைத் தானமாக எழுதி, மாநகராட்சி பெற்றுக்கொண்ட சான்றையும் வாங்கிய பிறகே கடைக்கு ஆள் வையுங்கள். திறந்தவெளியை முன்பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்படி விடுங்கள். முன்பக்கம் விலை கூடிய இடம் என்பது எனக்கும் தெரியும். இருபது கடைகளுக்கு வருகிறவர்கள் குழந்தையோடு பத்து நிமிடம் நிழலில் உட்கார அங்கே ஓர் இடம் இருந்தால் அந்தக் கடைகளுக்கும் அது பயன்தான்.

தொடர்ச்சி: தோட்டத்துக்காரர்

மூவருக்கும் நன்றி. அளவையர் ஐயா சொன்னபடி அப்பாவின் இரும்புப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். 1990-களில் சாலை அகலப்படுத்தியபோது 16 சென்ட் எடுத்ததற்கான தீர்வத்தின் நகலும், இழப்பீடு பெற்ற ரசீதும் இருந்தன. பட்டாவில் இன்றுவரை 2.60 என்றே இருக்கிறது. அப்படியானால் எங்களிடம் உள்ளது 2 ஏக்கர் 44 சென்ட்தான். என் பங்கிலிருந்துதான் அந்த 16 சென்ட் குறைகிறது என்பது சற்று வருத்தமாகத்தான் இருந்தது. அண்ணன், சாலைக்கு விடும் நிலத்தை மூவர் கணக்கிலும் சமமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

பழைய புலப்படத்தில் இட்டேரி வண்டிப்பாதை என்றே தனியாக, 20 லிங்க்ஸ் அகலத்தில் காட்டப்பட்டிருக்கிறது. 2 ஏக்கர் 44 சென்ட் என்றால் 9,874 சதுர மீட்டர் வருகிறது. இது 10,000-க்குக் கீழே. இனிப் பணம் கட்டலாமா? பின்பகுதிக்கு இட்டேரியையே வழியாகக் காட்டலாமா?

பதில் 2-இன் தொடர்ச்சி: மனைப்பிரிவு வரைபடப் பொறியாளர்

உண்மையான பரப்பு குறைந்திருப்பதைக் காட்டுவதில் தவறு எதுவும் இல்லை. காட்டாமல் விட்டால்தான் பின்னால் தொல்லை வரும். ஆனால் இப்போது கையில் உள்ள பட்டாவோடு விண்ணப்பித்தால் 10,522 என்றே எடுத்துக்கொள்வார்கள். முதலில் தீர்வத்தின் நகலை வைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் 16 சென்ட்டை உங்கள் பட்டாவிலிருந்து கழித்து, புலப்படத்திலும் எல்லையைத் திருத்திக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் ஒரு பிழைதிருத்தல் பத்திரம் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டுக்காக மறுபடியும் விண்ணப்பம் திரும்பும்.

பணத்தைப் பற்றி: 10,000-க்குக் கீழே வந்துவிட்டதால் நீங்கள் விரும்பியபடி பணம் கட்டிவிடலாம் என்று பொருளில்லை. இடம் விட இயலாத நிலையில்தான் பணம். வெறும் தரிசாகக் கிடக்கும் பூமியில் இடம் விட இயலவில்லை என்று சொல்ல உங்களுக்குக் காரணம் இல்லை. நான் வரைபடம் போட்டாலும் அப்படி எழுதிக் கையெழுத்திட மாட்டேன்.

இட்டேரி 4 மீட்டர்தான் என்பதால் அதை மட்டும் வைத்துப் பின்மனைகளுக்கு அனுமதி கிடைக்காது. ஆனால் அது பொதுவழி என்பது புலப்படத்தில் உறுதியாக இருப்பதால், உங்கள் பக்கத்தில் 8 மீட்டர் விட்டு மொத்தம் 12 மீட்டர் சாலையாக்க ஒப்புதல் கேட்கலாம். மாநகராட்சி அதைத் தன் வழியாக ஏற்றுக்கொண்டு சான்று தர வேண்டும். 80 மீட்டர் நீளத்துக்கு 640 சதுர மீட்டர் போகும். கிழக்கில் புதிதாகச் சாலை விட்டால் போகும் 960-ஐவிட இது குறைவு. எஞ்சிய 9,234-இல் பத்து விழுக்காடு 923 சதுர மீட்டர், ஏறக்குறைய 22.8 சென்ட். அந்த இடத்தை நெடுஞ்சாலையும் இட்டேரியும் கூடும் முனையில் வைத்துக் காட்டலாம் என்பது என் எண்ணம். இரண்டு பக்கம் பொதுச்சாலை இருப்பதால் பின்னாளில் யாரும் பூட்டுப் போட முடியாது. கடைக்காரர் சொன்னதும் நிறைவேறும். அந்த ஓரத்துக் கிளுவை வேலியில் ஒரு பகுதியையாவது வெட்டாமல் பூங்காவின் எல்லையாக வைத்துக்கொள்ள முடியும். இடத்தை எங்கே ஏற்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள் என்றாலும், நாம் நல்ல இடத்தைக் காட்டினால் மறுப்பதற்குக் காரணம் இருக்காது.

தெற்கில் பள்ளத்தின் கரையை அளந்து முடிக்கும் வரை தங்கையின் பகுதியில் வேலி எதுவும் போட வேண்டாம்.

பதில் 1-இன் தொடர்ச்சி: ஓய்வுபெற்ற நில அளவையர்

பொறியாளர் சொன்ன வரிசையிலேயே போங்கள். அளக்க வரும்போது நீங்கள் மூவரும், மேற்குத் தோட்டத்துக்காரரும் உடன் இருப்பது நல்லது. இட்டேரியின் அகலத்தை இருபுறக் கல்லையும் வைத்துத்தான் உறுதி செய்வார்கள். அவர் பக்கத்துக் கல் இல்லை என்றால் அகலம் முழுவதையும் உங்கள் பக்கத்தில் காட்டும்படி ஆகிவிடக்கூடும். தீர்வத்தின் நகலில் புல எண்ணும் எடுத்த பரப்பும் தெளிவாகப் படிக்க முடியும்படி இருக்கிறதா? மங்கியிருந்தால் நில எடுப்பு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தோட்டத்துக்காரர்

நகல் தெளிவாக இருக்கிறது, ஐயா. மேற்குத் தோட்டத்துப் பெரியவரிடம் நேற்று மாலை பேசினேன். இட்டேரி அகலமானால் தம் பின்காட்டுக்கும் டிராக்டர் போகும் என்று சொல்லி, அளக்கும் நாளில் தாமே வருவதாகச் சொன்னார். இன்று காலை அண்ணனும் நானும் அரிவாளோடு போய் நெடுஞ்சாலை முனையில் கிளுவை வேரைச் சுற்றி மண்ணை விலக்கிப் பார்த்தோம். இரண்டடி ஆழத்தில் அம்புக்குறி வெட்டிய கல் சாயாமல் நிற்கிறது. அதைத் தொடாமல், தலையில் மட்டும் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கிறோம். வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மூவரும் போகிறோம்.